எகிப்தில் ‘ரத்தக் காட்டேரி’ பூசாரிகள் இருந்தார்களா? ஒரு பரம்பரையின் உண்மைக் கதை

பகலில் மொட்டைத் தலையும் வெள்ளைத் துணியுமாகக் கோயில் பூசாரிகள். இரவானால் ரத்தம் குடிப்பவர்கள். அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ரகசியத்தைக் கைமாற்றி வந்த, சாவே இல்லாத ஒரு குடும்பம். பண்டைய எகிப்தைப் பற்றி இப்படியொரு கதை அமானுஷ்ய வீடியோக்களிலும் திகில் நாவல்களிலும் வெவ்வேறு வடிவங்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எவ்வளவு உண்மை?

எகிப்தில் பூசாரிப் பரம்பரைகள் இருந்தன. ரகசியங்களும் இருந்தன. ஒரு கோயிலில் பங்குத் தகராறில் ரத்தமும் சிந்தியிருக்கிறது. காட்டேரி மட்டும்தான் இல்லை. அது பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

காட்டேரி எப்போது எகிப்துக்குப் போனது?

கல்லறையிலிருந்து எழுந்து வந்து ரத்தம் உறிஞ்சும் பிணம் என்ற நம்பிக்கையின் சொந்த ஊர் கிழக்கு ஐரோப்பா. 1725இல் செர்பியாவின் ஒரு கிராமத்தில் பீட்டர் பிளகோயெவிச் என்ற விவசாயி இறந்த பிறகு, அடுத்தடுத்து பலர் செத்தார்கள். ‘அவன்தான் எழுந்து வருகிறான்’ என்று ஊர் சொன்னது. குழியைத் தோண்டி உடலை எடுத்து, மார்பில் கழியை அடித்து, எரித்தார்கள். அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரிய ஆட்சியில் இருந்ததால் அதிகாரி ஒருவர் இதை அறிக்கையாக எழுதினார். 1732இல் ராணுவ மருத்துவர்கள் இன்னொரு செர்பிய கிராமத்தைப் பற்றி எழுதிய அறிக்கை ஐரோப்பாவெங்கும் பரவியது. ‘வாம்பயர்’ என்ற சொல் மேற்கு ஐரோப்பிய மொழிகளில் பரவலானது இந்தக் காலத்தில்தான்.

1897இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வந்தது. அதே ஸ்டோக்கர் 1903இல் ஒரு எகிப்திய ராணியின் மம்மியை உயிர்ப்பிக்க முயலும் நாவலையும் எழுதினார். ஆனால் அதில் காட்டேரி கிடையாது. அப்போது இரண்டும் தனித்தனிக் கதைகள்.

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1983இல் வந்த ‘தி ஹங்கர்’ திரைப்படத்தில், எகிப்துக் காலத்திலிருந்தே வாழ்ந்துவரும் ரத்தக் காட்டேரி, ‘அங்க்’ என்ற எகிப்திய உயிர்ச் சின்னத்தைக் கழுத்தில் மாட்டியிருப்பார். அதற்குள் ஒரு கத்தி ஒளிந்திருக்கும். 1988இல் ஆன் ரைஸ் எழுதிய ‘தி குயின் ஆஃப் தி டேம்ன்ட்’ நாவல், உலகின் முதல் காட்டேரிகளே ஓர் எகிப்திய ராஜாவும் ராணியும்தான் என்றது. 1991இல் தொடங்கிய ‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ என்ற விளையாட்டின் உலகத்தில், செத் என்ற எகிப்திய தெய்வத்தையே குலமுதல்வனாகக் கும்பிடும் ஒரு காட்டேரிக் கூட்டம் இடம்பெற்றது.

‘ரகசியப் பூசாரிக் குலம்’ என்ற கதைக்கான சரக்கு இங்கெல்லாம் இருக்கிறது. பாப்பிரஸ் சுருள்களில் இல்லை.

அப்போ, எகிப்தில் ரத்தம் குடிக்கிற சாமியே கிடையாதா?

இருக்கிறது. சிங்க முகம் கொண்ட செக்மெத்.

மனிதர்கள் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று அறிந்த சூரியக் கடவுள் ரா, தன் கண்ணையே பெண் தெய்வமாக்கி பூமிக்கு அனுப்புகிறார். அவள் கொன்று குவிக்கிறாள். ரத்த வெறி தலைக்கேறி, நிறுத்தச் சொன்னாலும் நிற்காத நிலை. மனித இனமே மிஞ்சாது என்று ராவுக்கு பயம் வந்துவிடுகிறது. ராவோடு ராவாக 7,000 ஜாடி பீர் காய்ச்சி, அதில் சிவப்பு மண்ணைக் கலந்து வயல்களில் ஊற்றச் செய்கிறார். விடிந்ததும் வந்த தெய்வம் அதை ரத்தமென்று நினைத்துக் குடித்து, போதையேறி, கொல்ல வந்ததையே மறந்துபோகிறது.

‘தெய்வப் பசுவின் நூல்’ என்று அறிஞர்கள் பெயரிட்டிருக்கும் இந்தக் கதை துட்டன்காமனின் கல்லறைப் பேழையிலும் முதலாம் செத்தியின் கல்லறையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இதில் பூசாரிக்கும் ஒரு வேலை உண்டு. பெண்கள் பீருக்கான பார்லியை இடிக்கும்போது, சிவப்பு மண்ணை அரைத்துக் கொடுப்பவர் ஹீலியோபொலிஸ் நகரத்தின் தலைமைப் பூசாரி. அதாவது, ரத்தம் குடிப்பவர் அல்ல, ரத்தம் குடிப்பதை நிறுத்த உதவுபவர்.

இன்னொரு ‘ஆதாரம்’ என்று காட்டப்படுவது உனாஸ் மன்னரின் பிரமிடு. சுமார் 4,350 ஆண்டுகளுக்கு முந்தைய இதன் உள்சுவர்களில், இறந்த மன்னர் வானுலகம் போய் தெய்வங்களையே பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டு அவர்களின் சக்தியைத் தனதாக்கிக்கொள்வதாக ஒரு பாடல் இருக்கிறது. ஆய்வாளர்களே அதை ‘நரமாமிசப் பாடல்’ என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் அது இறந்த மன்னரின் மறுமை வல்லமையைச் சொல்லும் மந்திரம். கோயிலில் நடந்த சடங்கின் விவரணை அல்ல.

காட்டேரிக் கதைக்கு ரொம்பவே பக்கத்தில் வருவது வேறொன்று. பெர்லினில் உள்ள ஒரு பாப்பிரஸ், தாய்மாரும் செவிலியரும் குழந்தையைக் காக்கச் சொல்லும் மந்திரங்களைத் தருகிறது. இருட்டில் மெல்ல நுழைந்து, முத்தமிடுவதுபோலக் குனிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடும் இறந்தவர்களை விரட்டுவதற்கான மந்திரம் அதில் ஒன்று. காவலுக்கு வைக்கப்படும் பொருட்களில் பூண்டும் தேனும் உண்டு. தேன் உயிரோடிருப்பவர்களுக்கு இனிப்பு, இறந்தவர்களுக்குக் கசப்பு என்று அது விளக்கமும் சொல்கிறது. இங்கும் பயம் பூசாரியைப் பார்த்து அல்ல. பிஞ்சுக் குழந்தைகள் அடிக்கடி செத்துப்போன காலத்துத் தாய்மாரின் பயம் அது.

பூசாரிக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருந்தது. ஆனால் வாய்வழியாக இல்லை, கைவழியாகவும் மூக்குவழியாகவும்.

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுருள், மருத்துவரோ செக்மெத்தின் பூசாரியோ நோயாளியின் தலையிலும் கைகளிலும் மார்பிலும் விரல் வைத்துப் பார்க்கும்போது இதயத்தைத்தான் தொட்டறிகிறார்கள் என்று சொல்கிறது. நாடி பார்ப்பதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று. கொள்ளைநோயை அனுப்புபவள் செக்மெத் என்றால், அவளைச் சாந்தப்படுத்தும் பூசாரிதான் நோய்க்கும் மருந்து தெரிந்தவர் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

சக்காரா கல்லறைச் சுவர்களில் மாடு அறுக்கும் காட்சிகள் உண்டு. அவற்றில் கசாப்புக்காரர் ரத்தம் படிந்த கையை நீட்ட, ஒருவர் முகர்ந்து பார்த்து ‘சுத்தம்’ என்று சான்று கொடுக்கும் காட்சியும் இருக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால் இறைச்சிப் பரிசோதனை. எகிப்தியப் பூசாரி ரத்தத்துக்கு மிக அருகில் வந்த இடம் இதுதான்.

மற்றபடி அவர்களின் வாழ்க்கையே சுத்தத்தைச் சுற்றியது. பூசாரிகளில் பெரும்பாலானோரின் பட்டமான ‘வாப்’ என்பதன் பொருளே ‘தூய்மையானவர்’. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ், அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு முழுக்க மழிப்பதையும், பகலில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை குளிர்ந்த நீரில் குளிப்பதையும், லினன் துணியும் பாப்பிரஸ் செருப்பும் மட்டுமே அணிவதையும் குறித்துவைத்தார்.

ரகசியம் என்றால் என்ன ரகசியம்?

எகிப்தியக் கோயில் ஊர் கூடிக் கும்பிடும் இடமல்ல. உள்ளே போகப் போகக் கூரை தாழும், தரை உயரும், வெளிச்சம் குறையும். கடைசி இருட்டறையில் தெய்வச் சிலை. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை. திருவிழா நாட்களில் சிலை படகில் ஊர்வலம் வரும்போதுகூட பெரும்பாலும் திரைக்குள்தான் இருக்கும்.

தினமும் விடியற்காலை பூசாரி கருவறைக் கதவின் களிமண் முத்திரையை உடைத்து, தாழ்ப்பாளை நீக்கி, சிலைக்கு எண்ணெய் பூசி, உடுத்தி, படையல் வைப்பார். முடித்துத் திரும்பும்போது தன் காலடித் தடத்தைத் தானே துடைப்பத்தால் பெருக்கி அழித்துக்கொண்டு வெளியேறுவார். ‘ரகசியங்களின் மேலாளர்’ என்று பொருள்படும் பட்டமும் வழக்கில் இருந்தது. மம்மி செய்பவர்களில் தலைமையானவருக்கும் அது உண்டு. சுருள்களைப் படியெடுத்துக் காக்கும் இடத்துக்குப் பெயர் ‘உயிரின் இல்லம்’.

இருட்டறை, மூடிய கதவு, பிணத்தோடு வேலை, ‘உயிர்’ என்ற பெயரில் ஒரு நூலகம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கற்பனை ஓடாமல் இருக்குமா?

பரம்பரை உண்மையா?

உண்மை. தீப்ஸ் நகரக் கோயிலில் தலைமைப் பூசாரிகளின் 345 மரச்சிலைகளைத் தனக்குக் காட்டியதாகவும், ஒவ்வொருவரும் முந்தையவரின் மகன் என்று சொன்னதாகவும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பெருமிதம் நிஜம். பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல், மெம்ஃபிஸ் நகரப் பூசாரி ஒருவர் தன் முன்னோரென்று 60 தலைமுறைகளை வரிசைப்படுத்தியதைக் காட்டுகிறது.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. கிராமப் பெரியவர்களும் அதிகாரிகளும் முறைவைத்துக் கோயில் பணி செய்தார்கள். நான்கு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். ஆண்டில் மூன்று மாதம்தான் பூசாரி, மீதி ஒன்பது மாதம் எழுத்தரோ விவசாயியோ. கல்யாணம், குழந்தை குட்டி எல்லாம் உண்டு. காலப்போக்கில் அந்தப் பணி அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்தாக இறுகியது.

ஏன்? காரணம் சாப்பாடு. கோயிலில் வைக்கும் படையல் பூஜை முடிந்ததும் பூசாரிகளுக்குப் பங்காகப் போகும். அதோடு கோயில் நிலத்தின் தானியமும் உண்டு. மூன்றாம் ராம்சேஸ் காலத்துக் கணக்கைச் சொல்லும் ஹாரிஸ் பாப்பிரஸ், தீப்ஸின் அமுன் தெய்வத்துக்கு 80,000க்கும் மேற்பட்ட ஆட்களும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளும் சொந்தம் என்கிறது. அதில் ஒரு துளிப் பங்கு கிடைத்தாலும் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு.

அந்தச் சோறு அவர்கள் உடம்பிலேயே தடம் விட்டிருக்கிறது. எகிப்தியல் அறிஞர் ரோசலி டேவிட்டும் சக ஆய்வாளர்களும் 2010இல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, பூசாரிகள், அவர்கள் குடும்பத்தாரின் மம்மிகளில் ரத்தக் குழாய்கள் தடித்து அடைபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. அவர்கள் காட்டிய காரணம், கோயில் படையலில் இருந்த கொழுப்பு மிகுந்த மாட்டிறைச்சி, வாத்துக் கறி, பணியாரம். எகிப்தியப் பூசாரிகளுக்கு ரத்தத்தில் இருந்த பிரச்சினை இதுதான்: அதைக் குடித்ததல்ல, அது ஓடும் வழியில் கொழுப்பு படிந்தது.

நிஜமாகவே ரத்தம் சிந்திய குடும்பம்

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு நீண்ட பாப்பிரஸ் இருக்கிறது. பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் எகிப்தை ஆண்ட காலத்தில், கி.மு. 513 வாக்கில், பெதேசி என்ற முதியவர் கொடுத்த மனு அது. நடு எகிப்தில் தியூஜோய் என்ற ஊரின் அமுன் கோயிலில் தன் குடும்பத்துக்கு இருந்த பூசாரிப் பங்கை மற்ற பூசாரிகள் பிடுங்கிக்கொண்ட கதையை, சுமார் 150 ஆண்டுகள் பின்னோக்கிப் போய், தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்.

அவரின் முன்னோர், அதே பெயர் கொண்ட பெதேசி, பாழாய்க் கிடந்த கோயிலைச் சீரமைத்தவர். பதிலுக்குக் கோயில் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தது. மற்ற பூசாரிகளுக்கு அது கண்ணை உறுத்தியது. ஒருநாள் தானியம் பங்கு பிரிக்கும் இடத்தில், பங்கு வாங்க வந்த அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளைக் கோயிலுக்குள்ளேயே தடியால் அடித்துக் கொன்றார்கள்.

அதோடு முடியவில்லை. கி.மு. 592இல் மன்னர் இரண்டாம் சாம்திக் சிரியாப் பக்கம் புறப்பட்டபோது, கோயில்கள் பூசாரிகளை உடன் அனுப்ப வேண்டியிருந்தது. ‘உங்களைவிடப் படித்தவர் யார் இருக்கிறார்? நீங்கள் உயிரின் இல்லத்து எழுத்தர்’ என்று தாஜா பண்ணி, இந்தக் குடும்பத்தின் இன்னொரு பெதேசியை அனுப்பிவைத்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள் அவர் பங்கு வேறொரு அதிகாரியின் மகனுக்குப் போய்விட்டது.

இது ஒரு தரப்பின் மனு. எதிர்த்தரப்பின் பதில் நம்மிடம் இல்லை. ஆனாலும் ஒரு பூசாரிக் குடும்பம் எதற்காக வாழ்ந்தது, எதற்காகச் செத்தது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லும் ஆவணங்கள் குறைவு. சாகாவரம் அல்ல, அவர்கள் கேட்டது மூட்டைக் கணக்கு.

மனித உடம்பைத் தின்றது யார்?

இந்தக் கதையில் கசப்பான வேடிக்கை ஒன்று உண்டு. எகிப்தியப் பூசாரிகள் மனித ரத்தம் குடித்ததற்குச் சான்று இல்லை. ஆனால் எகிப்திய உடல்களை ஐரோப்பியர்கள் தின்றதற்கு ஏராளமான சான்று இருக்கிறது.

‘மூமியா’ என்பது முதலில் பாரசீக நிலத்தில் கசிந்த ஒருவகைத் தாரின் பெயர். அரபு, பாரசீக மருத்துவர்கள் அதைக் காயத்துக்கு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். எகிப்தியப் பிணங்களின் மேல் இருந்த கறுப்புப் பூச்சும் அதுதான் என்று நினைத்த ஐரோப்பியர்கள், கடைசியில் பிணத்தையே மருந்தாக்கிவிட்டார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் மம்மிப் பொடி சாதாரணச் சரக்கு. ரத்தக்கட்டு, உட்காயம் என்று வாங்கி விழுங்கினார்கள். கிராக்கி கூடியதும், புதிய பிணங்களைக் காயவைத்துப் பழைய மம்மி என்று விற்ற மோசடியும் நடந்தது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ரோஸ் பாரே 1582இல் இந்த மருந்து உதவாது என்று எதிர்த்து எழுதியும் வியாபாரம் நிற்கவில்லை.

பிற்காலத்தில் திகில் கதைகள் வந்தபோது வேடம் தலைகீழாக மாறியது. தின்னப்பட்டவர்கள் தின்பவர்கள் ஆனார்கள்.

அந்த ரத்தவழிக்கு என்ன ஆனது?

தாலமி மன்னர்கள் காலத்தில், மெம்ஃபிஸில் தா என்ற தெய்வத்தின் தலைமைப் பூசாரிப் பதவி சுமார் 300 ஆண்டுகள் ஒரே குடும்பத்தில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் பாஷெரென்தா, கி.மு. 76இல் தன் 14ஆம் வயதில் பதவியேற்று, கிளியோபாட்ராவின் தந்தை பன்னிரண்டாம் தாலமிக்கு முடிசூட்டியவர். அவர் மனைவி தாயிம்ஹோதெப்பின் கல்வெட்டு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் அந்தப் பெண் தன் கதையைச் சொல்கிறார். 14 வயதில் கல்யாணம். அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். பதவி போக வேண்டியது மகனுக்கு. ஆகவே தம்பதி, தெய்வமாக வணங்கப்பட்ட பழங்காலக் கட்டடக் கலைஞர் இம்ஹோதெப்பிடம் வேண்டிக்கொள்கிறார்கள். கி.மு. 46இல் மகன் பிறக்கிறான். நான்கு ஆண்டுகளில், 30 வயதில், தாயிம்ஹோதெப் இறந்துபோகிறார்.

சாவுக்கு அப்பால் இன்பம் காத்திருக்கிறது என்று இந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. மறுமை வெறும் இருட்டும் உறக்கமும் என்றும், அங்கே தாகத்துக்குத் தண்ணீர்கூட இல்லை என்றும், இருக்கும்போதே குடித்து உண்டு மகிழ்ந்திருங்கள் என்றும் கணவருக்குச் சொல்கிறது. எகிப்தின் பெரிய பூசாரிக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில் பொறித்த வார்த்தைகள் இவை. சாகாத ரத்தவழி என்ற கற்பனைக்கு இதைவிட நேரடியான பதில் தேவையில்லை.

வேண்டிப் பெற்ற அந்த மகன் ஏழு வயதில் தலைமைப் பூசாரியானான். கி.மு. 30இல், ரோமானியரான ஆக்டேவியன் அலெக்சாந்திரியாவைப் பிடித்த அதே நாட்களில், 16 வயதில் செத்துப்போனான். உறவினர் ஒருவர் கொஞ்ச காலம் பதவியில் இருந்தார். அதன் பிறகு அந்தக் குடும்பம் வரலாற்றிலிருந்து மறைகிறது.

எகிப்தின் தெற்கு எல்லையில், ஃபிலே தீவின் ஐசிஸ் கோயிலில் மட்டும் பூசாரிக் குடும்பங்கள் இன்னும் சில நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தன. கி.பி. 394 ஆகஸ்ட் 24 அன்று, அங்கே நெஸ்மெதெராக்கெம் என்ற பூசாரி சுவரில் ஒரு தெய்வ உருவத்துக்கு அருகே சில வரிகள் செதுக்கினார். தன் பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்தார். நாள் குறிப்பிடப்பட்ட கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு அதுதான். அதற்குப் பிறகு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போனார்கள். 1822இல் பிரான்ஸின் ஷாம்போலியோன் அதன் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்கும் வரை, சுமார் 1,400 ஆண்டுகள் அந்தச் சுவர்கள் ஊமையாக நின்றன.

பூசாரிகள் அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாற்றிய உண்மையான ரகசியம் அந்த எழுத்துதான். சுவர்கள் பேசாத அந்த நூற்றாண்டுகளில், எகிப்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன கதை வேண்டுமானாலும் கட்ட முடிந்தது. இன்று அவை பேசுகின்றன. நாடி பார்த்தவர்கள், இறைச்சி முகர்ந்தவர்கள், பங்குக்கு அடித்துக்கொண்டவர்கள், ஆண் வாரிசுக்கு வேண்டிக்கொண்டவர்கள் என்று அவை காட்டுவதெல்லாம் மனிதர்களைத்தான்.